நாப்பது ரூபா மல்லிக்கட்டு

போன கார்த்திகை அடைமழையில் ஒருநாள் சந்தைக்குப் போயிருந்தேன். மல்லிக்கட்டு நாப்பது ரூபாய். ஒரு கைப்பிடி கூட வராது, அதிலும் பாதி அழுகல். சுத்தி நின்ன ஏழெட்டு பேரில் அஞ்சு பேர் எங்க ஊர்க்காரங்க, எல்லாருக்கும் நிலம் இருக்கு. எனக்கு முன்னாடி நின்ன சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கரிசல்.

"என்ன சித்தப்பா, நீங்களுமா?"

"அட போடா, ஒரு கட்டு மல்லிக்குப் போய் எவன் பாத்தி கட்டுவான்."

அன்னைக்கு எனக்கு வாயில வந்ததை அங்கே சொல்லலை. பெரியவர். இங்கே சொல்றேன்.

எங்க விளாத்திகுளம் பக்கம் மல்லி விளையற பூமி. புரட்டாசி கடைசியிலோ ஐப்பசியிலோ மழை பார்த்து விதைச்சு, தை, மாசியில் பிடுங்கிக் களத்தில் அடிக்கிற மானாவாரி மல்லி. அந்த மண்ணில் பொறந்தவன் சந்தையில் தழைக்கு நிக்கிறான்னா அதுக்குக் காரணம் மழையும் இல்லை, கூலியும் இல்லை. கொசுறுதான் காரணம். காய்கறி வாங்கினா கடைக்காரர் நாலு மல்லித்தழை, ரெண்டு கறிவேப்பிலை சும்மா போட்டுப் பழக்கிட்டார். சும்மா வர்றதை எதுக்கு விதைக்கணும்னு முதல்ல பாத்தியை விட்டோம். பாத்தி போனதும் விதையை விட்டோம். இப்ப கொசுறும் நின்னுபோச்சு.

மத்தவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி என் கதையையும் சொல்லிடறேன். எங்க அம்மா இருந்தவரை அடுப்படி மாடக்குழியில் ஒரு மண்கலயம் இருக்கும். சாம்பல் கலந்து, வாயைத் துணியால் கட்டின விதைமல்லி. அம்மா போன அடுத்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். அந்தக் கலயத்தைக் குப்பைக்குழியில் கொட்டினவன் நான்தான். 'கடையில கிடைக்காததா'ன்னு ஒரு திமிரு.

கடையில கிடைச்சது. பளபளன்னு பாக்கெட், உள்ளே ரோஸ் கலர் மருந்து தடவின விதை. மிச்சத்தைக் குழம்புக்குக் கூட வறுக்க முடியாது, விஷம்னு அதிலேயே எழுதியிருக்கு. முளைச்சது பாதி. வந்த செடி நல்லா அகல இலை, பார்க்க அழகு. ரசத்தில் கிள்ளிப் போட்டா, போட்டதே தெரியலை.

இப்ப அதையும் தாண்டிட்டாங்க. கறிவேப்பிலை விதையைக் காயவெச்சு பாக்கெட்டில் விக்கிறாங்க. கறிவேப்பிலைப் பழம் கறுத்து விழுந்ததும் சதையைப் பிதுக்கிட்டு ஈரத்தோட மண்ணில் ஊன்றணும். காய்ஞ்சுபோனா முளைப்பு செத்துப்போகும். காக்கைக்கும் குயிலுக்கும் தெரிஞ்ச விஷயம் இது. மரத்தடியில் கிளம்புற வேர்க்கன்றைப் பேத்து நட்டாலே மரம் ஆகும்போது, வாரக்கணக்கில் உலர்ந்து கிடந்த கொட்டைக்குக் காசு வாங்கறவனை என்னன்னு சொல்ல? அப்புறம் புதினா விதைன்னு ஒண்ணு. சந்தையில் வாங்கின புதினாவில் இலையை ஆய்ஞ்சுட்டு தண்டை ஈரமண்ணில் குத்திவைங்க, போதும்.

"மளிகைக்கடை மல்லி முளைக்காது"ன்னு ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கு. பாக்கெட்காரனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பழைய சரக்கா இருந்தா முளைக்காது, உண்மைதான். புது மல்லியில் நூறு மணி எண்ணி ஈரத்துணியில் முடிஞ்சு வெச்சுப் பாருங்க, தெரிஞ்சுபோகும். முளைக்காததுக்குப் பாதிக் காரணம் நாமதான். உருண்டையா இருக்கிற ஒரு மல்லி ஒரு விதை இல்லை, உள்ளே ரெண்டு விதை ஒட்டிக்கிட்டு இருக்கு. தரையில் பரப்பி கட்டையால் லேசா உருட்டினா ரெண்டா பிளக்கும். நசுக்கிடக்கூடாது. ராத்திரி முழுக்கத் தண்ணியில் ஊறவெச்சு, நிழலில் ஈரம் போக உலர்த்தி, அரை அங்குல ஆழத்தில் விதைச்சு மண்ணை மூடணும். அப்புறம் பொறுமையா இருக்கணும், அதுதான் நம்மகிட்ட இல்லை. வெந்தயம் மூணாம் நாளே தலைகாட்டும். மல்லிக்கு எட்டு நாள், பத்து நாள், சிலசமயம் அதுக்கும் மேல ஆகும். அஞ்சாம் நாளே 'செத்துப்போச்சு'ன்னு பாத்தியைக் கிளறினவங்களை எனக்குத் தெரியும்.

தண்ணி இல்லைங்கறாங்க. அரிசி, பருப்பு கழுவுற தண்ணியை அங்கணத்தில் ஊத்தாம நாலடிப் பாத்திக்குத் திருப்பினா ஒரு வீட்டுக்குத் தழை கிடைக்கும். கோழி கிளறும்கறாங்க. உண்மை, கிளறும். ரெண்டு முள்ளை வெட்டிப் போடுங்க. கோடையில் வராதுங்கறதை மட்டும் ஒத்துக்கறேன். சித்திரை வெயிலில் ஒரு சாண் வளர்றதுக்குள்ள பூவுக்கு ஓடிடும். முருங்கை நிழலில் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அந்த ரெண்டு மாசம் எங்க வீட்டில் கறிவேப்பிலையோட சரி.

தழையைவிட எனக்கு விதைதான் பெருசு. வேரோட பிடுங்கித் தின்னுட்டே இருந்தா விதை எங்கேயிருந்து வரும்? பாத்தியில் ஒரு ஓரத்தைத் தொடாம விடணும். ஒத்தைச் செடியை விட்டா போதாது, இருபது முப்பதாவது வேணும். தேனீ ஒண்ணுலேயிருந்து ஒண்ணுக்குப் போற செடி இது. முதல்ல பூத்ததில் விதை எடுக்காதீங்க. இலைக்காக வளர்க்கிறோம், முந்திப் பூக்கிறதையே திரும்பத் திரும்ப விதைச்சா வருஷா வருஷம் அவசரக்கார மல்லிதான் மிஞ்சும். கடைசியா பூத்ததில் எடுங்க. காய் பச்சை மாறி பழுப்பு ஏறும்போது, காலையில் பனி ஈரம் இருக்கும்போதே அறுத்தா உதிராது. நிழலில் காயவெச்சு, சாம்பல் போட்டு, கலயத்தில் கட்டிடலாம்.

2001ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் 39ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. விளைஞ்சதில் விதை எடுத்து வைக்க, திரும்ப விதைக்க, மாத்திக்க, பங்குபோட, ஏன் விக்கக்கூட விவசாயிக்கு உரிமை இருக்கு. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பேர் போட்ட விதையா விக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்த உரிமையை நம்மகிட்டேயிருந்து யாரும் வந்து பிடுங்கலை. வெள்ளையடிக்கும்போது நாமளே கொட்டினோம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து ஊர் அத்தை ஒருத்தங்க வீட்டில் இன்னும் கலயம் இருக்குன்னு கேள்விப்பட்டு போய் நின்னேன். ரெண்டு கை அள்ளிக் கொடுத்தாங்க. சின்ன மணி, உள்ளங்கையில் தேய்ச்சா எங்க அம்மா அடுப்படி வாசம். அம்மா விதை இது இல்லை, அது எனக்குத் தெரியும். காசு நீட்டினேன், வாங்கலை. "மாசியில நாலு கையா கொண்டா"ன்னாங்க. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த வருஷம் எங்க வீட்டில் ஆறு படி விதை இருக்கு. ஐப்பசிக்குள்ள யார் வேணும்னாலும் வாங்க, சித்தப்பா உட்பட. பாக்கெட் எல்லாம் கிடையாது, கிண்ணம் கொண்டுவரணும். ரெண்டு கை தருவேன். மாசியில நாலு கை.