முதல் நாவல் முற்றுப்பெறும் வழி

நம் கல்லூரி மாணவருள் ஒரு நாவலேனும் எழுதிவிட வேண்டும் என்னும் ஆசை கொள்ளாதவர் சிலரே. அவ்வாசையை முடிவுபோகச் செய்தவரோ அவரினும் சிலர். ஆசைக்கும் முடிவுக்கும் இடையே தடையாய் நிற்பது யாது என்பதைச் சிறிது ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

வடபழனியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சென்ற பருவத்தில் தாம் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை நம்மிடம் கொணர்ந்து காட்டினார். மூன்று அத்தியாயங்கள் நன்றாகவே அமைந்திருந்தன. நான்காவது, பாதிப் பக்கத்தில் நின்றிருந்தது. “அதன்பின் ஊக்கம் வரவில்லை, ஐயா. வருமென்று ஐந்து மாதமாகக் காத்திருக்கிறேன். எங்கள் பேட்டையில் கதை எழுதியே பிழைத்தவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது?” என்று வினவினார்.

வினா நியாயமானதே. 1948-ஆம் ஆண்டில் ஏ. வி. மெய்யப்பர் தம் ஸ்டூடியோவைக் காரைக்குடியினின்றும் அப்பகுதிக்குக் கொணர்ந்தார். அதன்பின் கதை புனைதல் ஆங்கு ஒரு பெருந் தொழிலாகவே வளர்ந்தது. ஆயின், படத்துக்குக் கதை எழுதுவோருக்குக் கேட்பவர் உண்டு. குறித்த நாள் உண்டு. உடனிருந்து வாதிப்போரும் உண்டு. முதல் நாவல் எழுதத் தொடங்கியவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் எழுதாமல் விட்டால், ஏன் விட்டாய் என்று கேட்பாரும் இல்லை. ஆகவே, அவனுக்கு வேண்டுவன இரண்டு: தன்னை விட்டு நீங்காத ஒரு பொருள், எழுதியதைக் கேட்க ஒரு செவி. ஊக்கம் என்று நாம் சொல்வது இவ்விரண்டினின்றும் பிறப்பதேயன்றி, வானினின்றும் இறங்குவதன்று.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் புகழ்பெற்ற இருவர், ராஜமையரும் அ. மாதவையாவும், 1872-ஆம் ஆண்டிலேயே பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் மிஷன் கல்லூரியிலேயே பயின்றவர்கள். அவ்விருவர் வரலாறும் மாணவர் அறியத்தக்கது.

மாதவையா 1892-இல் ‘விவேக சிந்தாமணி’ என்னும் மாதப் பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் கதையைத் தொடங்கினார். அது சில பகுதிகளோடு நின்றுபோயிற்று. அவ்வளவில் அவர் மனம் ஒடிந்திருப்பாராயின் நாம் வியப்படைய மாட்டோம். அடுத்த ஆண்டிலேயே உப்பு இலாகாவில் உத்தியோகம் ஏற்று, ஊரூராய்ச் சுற்றவேண்டியவரானார். ஓய்வுக்கு அங்கு இடமேது? எனினும், ‘பத்மாவதி சரித்திரம்’ முதற் பாகத்தை 1898-லும், இரண்டாம் பாகத்தை 1899-லும் வெளியிட்டார். பின்னர், நின்றுபோன பழைய கதையையும் கைவிடாது எடுத்து முடித்து, 1903-இல் ‘முத்துமீனாட்சி’ என்னும் பெயரால் வெளிப்படுத்தினார். இளமையிலேயே கணவனை இழந்த பெண்ணின் துயரமே அந்நூலின் பொருள். பதினோராண்டு கழிந்தும் அக்கதையை அவர் மறவாமைக்குக் காரணம், அத்துயரம் அவர் கண்முன் நீங்காது நின்றமையே என்று நாம் கருதுகிறோம். புகழுக்காகத் தொடங்கிய கதையாயின், முதல் இடையூற்றிலேயே மறைந்திருக்கும்.

ராஜமையர் வரலாறு மற்றொன்றைக் கற்பிக்கிறது. அவருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ அதே பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை மாதந்தோறும் வெளிவந்து, 1896-இல் நூலாயிற்று. தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றளவே. நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போர் பருவம். அடுத்த மாதப் பகுதியை எதிர்நோக்கும் வாசகர் அவருக்கு இருந்தனர். 1898-இல், தம் இருபத்தாறாம் வயதில், அவர் காலமானார். அறிவு முதிரட்டும், பின்னர் எழுதுவோம் என்று அவர் காத்திருந்தால், தமிழுக்குக் கமலாம்பாள் கிடைத்திருக்க மாட்டாள்.

வயது கடந்தவர்களும் மனந்தளர வேண்டுவதில்லை. தமிழின் முதல் நாவல் எனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்டபோது அவர் ஐம்பதைக் கடந்தவர், நீதிமன்றத்தில் முன்சீபாகப் பல்லாண்டு உழைத்தவர். ஸ்காத்லாந்து தேசத்து ஸர் வால்டர் ஸ்காட், தம் முதல் நாவலைச் சில அத்தியாயங்களோடு ஒதுக்கிவைத்து மறந்ததாகவும், பல்லாண்டுகளின் பின் தூண்டிற் கருவிகளைத் தேடுகையில் கண்டெடுத்து முடித்ததாகவும் தாமே கூறியிருக்கிறார். அந்நூல் 1814-இல் வெளிவந்தது. இடையில் நின்றுபோதல் தோல்வியன்று. திரும்ப எடுக்காமையே தோல்வி.

எழுதியவையெல்லாம் நல்ல நாவலாகுமோ என்று சிலர் ஐயுறலாம். ஆகா, பெரும்பாலானவை ஆகா. ஆயினும், ஒரு நூலின் குறையை அது முடிந்த பின்னரே முழுதும் காணலாகும். மூன்று அத்தியாயத்தோடு நிறுத்தியவன் தன் குணத்தையும் அறியான், குறையையும் அறியான். நாளொன்றுக்கு 200 சொற்கள் வீதம் 200 நாள் எழுதினால் 40,000 சொற்களாம். அது ஒரு சிறு நாவலுக்குப் போதிய அளவு. வடபழனியினின்றும் ரயிலில் வந்துபோகும் நேரமே அதற்கு ஏறக்குறையப் போதும்.

பொருளை ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் தெருவிலும் தேடிக்கொள்ளட்டும். செவியை அளிப்பது கல்லூரியின் கடமை என்பது நம் துணிபு. மாதம் ஒரு மாலை, நம் தமிழ்ச் சங்கத்தார் ஓர் அறையைத் திறந்துவைத்து, நாவல் எழுதுவோர் அம்மாத அத்தியாயத்தைப் படிக்கவும், மற்றையோர் பொறுமையோடு கேட்டுக் குறைகூறவும் வகைசெய்வார்களாக. பரிசு வேண்டா, பணச் செலவும் இல்லை. ‘விவேக சிந்தாமணி’ அன்று ராஜமையருக்குச் செய்த உதவியை நாம் சிறிய அளவிலேனும் செய்யலாகும். பழைய மாணவருள் எழுத்துத் துறையில் உள்ளோரும் இக்கூட்டங்களுக்கு வந்து துணைபுரிவார்களென நம்புகிறோம்.

மாதவையா 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-இல், பி. ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் பேசிய அன்றே, அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். அவர் வேண்டிய தமிழ் இன்று நம் வகுப்பறைகளில் இடம்பெற்றிருக்கிறது. அதைப் பரீட்சைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மறந்துபோவது நமக்கு அழகோ?

நோட்டுப் புத்தகம் காட்டிய அன்பர், நான்காம் அத்தியாயத்தை இன்றிரவே எடுத்து எழுதுவாராக. அடுத்த மாதம் அதனைக் கேட்க நாம் காத்திருப்போம்.