மோரிஸ் மைனரின் தும்மல்

காலை நிகழ்ச்சி படைக்கும் அறிவிப்பாளனுக்கு நிம்மதியாகத் தூங்கக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் சாப்பிட்டுவிட்டது.

அப்பாவின் காடி அது. 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சின். பல வருடங்களாகப் போர்ச்சில் கிடந்ததை நான்தான் பிடிவாதமாக ஓவர்ஹாலுக்குக் கொடுத்தேன். செய்தவர் அப்பாவின் பழைய சிநேகிதர், போர்மேன் அங்கிள். பிஸ்டன் வளையம், பேரிங் எல்லாம் புதுசு. எஞ்சினை ஏற்றி முடித்த அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்தாயிற்று.

எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக ‘புஸ்’ஸென்று ஒரு தும்மல், அவ்வளவுதான்.

காடி நின்றுபோனால் தாமானில் எல்லாருமே போர்மேன்தான். பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோல் பம்ப் என்றார். மச்சான் பாயிண்ட் இடைவெளி என்றான். நான் புதுக் காயில் வாங்கினேன். (விலையைக் கேட்காதீர்கள்.) பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி நன்றாக வருகிறது. பெட்ரோல் வருகிறது. அழுத்தமும் இருக்கிறது. அப்படியானால் பொறி வரும் நேரம்தான் தப்பு. ஆனால் அங்கிள் நாலு தடவை பார்த்தும் புல்லியில் இருக்கும் டைமிங் குறி சரியாகவே நின்றது.

மூன்றாவது வாரம் அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு வயசாயிடுச்சு தம்பி, வேற ஆளப் பாரு” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பா, “தம்பி, மூணு தே தாரிக் கட்டி வாங்கிட்டு வா. மெதுவா வா” என்றார்.

திரும்பி வரும்போது முச்சந்தியிலேயே எஞ்சின் சத்தம் கேட்டது! “பெட்ரோல்ல தண்ணி” என்றார் அப்பா. அங்கிள் தலை நிமிரவில்லை.

அன்றிரவு கைப்பேசியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் எடுத்த படத்திலும் அன்று எடுத்த படத்திலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வயர்கள் வேறு வேறாக இருந்தன. ஒன்றும் நாலும் இடம் மாறியிருந்தன. இரண்டும் மூன்றும்கூட இடம் மாறியிருந்தன.

அப்பாவைக் கேட்டேன். தோட்டத்தில் லாரி ஓட்டி, தானே பழுதும் பார்த்தவர். சொன்னார்: எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுதான் சுற்றும். முதல் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒருமுறை கலவையை அழுத்திக்கொண்டு, இன்னொரு முறை புகையைத் தள்ளிவிட்டு. புல்லிக் குறி இரண்டு முறையும் சரியாகவே நிற்கும். இரண்டாவதை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால், உள்வால்வு திறக்கிற நேரத்தில் பொறி வந்து கார்புரேட்டர் வழியே தும்மும். முதல் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து எஞ்சினைச் சுற்றினால் எந்த உச்சி என்று தெரிந்துவிடும். விரலைக் காற்று தள்ளினால் அதுதான் அழுத்தம்.

“எப்பப்பா தெரிஞ்சுது?”

“முத வாரமே. தும்முச்சே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“மச்சான் நிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் நிக்கிறாரு. அவங்க முன்னாலயா?”

இதை எழுதலாமா என்று அங்கிளிடமே கேட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார். “எழுது. பேரு மட்டும் போட்டுறாத. நாளைக்கு நாலு பேரு காடி கொண்டு வரணும்.”