அதிகாரத்திற்கு வரம்பு எங்கே?



சென்ற மாதம் மத்ரஸாவில் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற பிரதமரை யாரால் தடுக்க முடியும்?" என்று கேட்டார். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், செயல்படுத்துவது அரசாங்கம், தீர்ப்பளிப்பது நீதிமன்றம் என்று கல்லூரியில் நான் படித்த பாடத்தையே ஒப்பித்தேன். அவர் முகத்தில் நிறைவு தென்படவில்லை. எனக்கும்தான். இம்மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்ததே! அதைச் சொல்லாமல் அவருக்கு விடை கூறுவது எப்படி?

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, பிரதமர் இந்திரா காந்தி 1971இல் ரேபரேலியில் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஆட்சியிலிருக்கும் பிரதமருக்கு எதிராக ஓர் உயர் நீதிமன்றம் இவ்வாறு கூற முடிந்தது. ஆனால் பதின்மூன்றே நாட்களில் காட்சி மாறியது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் ஃபக்ருத்தீன் அலி அஹ்மது கையொப்பமிட்டார். அமைச்சரவைக்கோ மறுநாள் காலையில்தான் செய்தி தெரிவிக்கப்பட்டது! எதிர்க்கட்சியினர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அவர்களை அடைக்கப் பயன்பட்ட 'மிசா' சட்டத்தின் பெயர், நம் தமிழகத்தில் சிலருடைய பெயருக்கு முன்னால் பட்டம்போல் ஒட்டிக்கொண்டது.

சிறைப்பட்டவரை எந்தச் சட்டப்படி அடைத்தீர்கள் என்று அரசைக் கேட்பதற்குரியது ஆட்கொணர்வு மனு. அம்மனுக்களை விசாரிக்கலாம் என்று உயர் நீதிமன்றங்கள் பல துணிந்து கூறின. அரசு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி எழுப்பினார். சொந்தப் பகையால் காவல் அதிகாரி ஒருவர் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயின் விடை. இவ்விடையைக் கேட்ட பின்னரும், 1976 ஏப்ரல் 28 அன்று ஐவரில் நால்வர் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார். சட்டத்தின் அனுமதியின்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்பது அவருடைய நிலை.

அந்த நால்வருக்குத் தலைமை வகித்த ஏ.என். ராய், தம்மினும் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி 1973இல் தலைமை நீதிபதியாக்கப்பட்டவர். 1977 ஜனவரியில் அதே முறை கன்னாவின்மீது பாய்ந்தது. அவருக்கு இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். அந்த ஐவரில் தலைமை நீதிபதிப் பதவியை எட்டாதவர் அவர் ஒருவரே. நீதிமன்றம் தனித்து இயங்கும் என்று சாசனத்தில் எழுதினால் போதாது, நீதிபதியை நியமிக்கும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று மாணவரிடம் கூறினேன்.

அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றினர். உடைந்த இடங்களைப் புதிய நாடாளுமன்றம் அடைக்க முற்பட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தச் சட்டப்படி, அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் வராமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க இயலாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற மழுப்பலான காரணம் நீக்கப்பட்டு, 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்பது இடம்பெற்றது. உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் பிரிவு 21ஐ இனி நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பையோ, 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தவறென்று தள்ளியது. அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவரான டி.ஒய். சந்திரசூட், அன்றைய நால்வருள் ஒருவரின் மகன்!

"அப்படியானால் இனி அச்சமில்லையே, ஹஜ்ரத்?" என்றார் மாணவர்.

இல்லை என்று சொல்ல நா எழவில்லை. விசாரணையின்றி ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் அதிகாரம் பிரிவு 22இல் இன்றும் இருக்கிறது. குண்டர் சட்டத்தை நாம் அறிவோம். ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் மூன்று மாதம்வரை அடைக்கலாம் என்றிருப்பதை இரண்டாகக் குறைக்கவும், அக்குழுவைச் சீர்ப்படுத்தவும் அதே 44ஆவது திருத்தம் வழிசெய்தது. ஆனால் அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தும் நாளை அறிவிக்கும் பொறுப்பு அரசிடம் விடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், எத்தனையோ கட்சிகள் ஆண்டும், அந்த அறிவிப்பு வெளிவரவில்லை.

நாடாளுமன்றம் நிறைவேற்றியதை அரசு இப்படிக் கிடப்பில் போடலாமா என்று மாணவர் வியந்தார். இதே கேள்வி உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது. 1981இல் அது கூறிய விடையை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.