அட்வான்ஸ் கொடுத்தால் கடை நமதாகிவிடுமா?

போன மாதம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, தெரிந்த இளம் வியாபாரி ஒருவர் காத்திருந்தார். கையில் ஒரு கடிதம். அவர் வாடகைக்கு இருக்கும் கடையை விற்பதாகச் சொல்லி, கடைச் சொந்தக்காரர் பத்து இலட்சம் ரூபா முற்பணம் வாங்கியிருக்கிறார். இப்போது தர மறுக்கிறார். "நானா, முத்திரை மேல கையொப்பம் இருக்கு. சமாதான நீதவான்ட சீல் இருக்கு. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருத்தர் சாட்சி. கேஸ் போட்டா கடை கிடைக்கும்தானே?" என்றார்.

கிடைக்காது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு இலேசாக இருக்கவில்லை. 2004இல் இதே கேள்வியோடு நானும் ஒரு சட்டத்தரணியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருந்தது அதையும் விட மோசம்: பில் புத்தகத் தாளில் எழுதிய ரசீது! ஐந்து இலட்சம் கொடுத்திருந்தேன். எட்டு மாதத்தில் தெருவில் காணி விலை ஏறியது. விற்பவர் அதே ஐந்து இலட்சத்தை ஒரு சொப்பிங் பேக்கில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போனார்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியை விற்கும் உறுதி மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அதற்குப் பலமில்லை. சமாதான நீதவானின் சீல் நொத்தாரிசின் இடத்தை நிரப்பாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கடையைக் கேட்க முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் இதில் இவ்வளவு அலட்சியம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, நொத்தாரிசிடம் போய்விட்டோம். அத்தோடு முடிந்ததா? இங்கேதான் அநேகர் தடுக்கி விழுகிறார்கள். "விற்பவர் தவறினால் முற்பணத்தைத் திருப்பித் தந்து, அதே அளவு தொகையை நட்டஈடாகவும் தருவார்" என்று ஒரு வரி வழக்கமாக எழுதப்படும். வாசிக்க நமக்குச் சாதகம் போலத் தெரியும். நாளைக்கு விற்பவர் அதே வரியைக் காட்டி, "இந்தா இரட்டிப்புக் காசு, கடை தரமாட்டேன்" என்பார். காசைக் கொடுத்து விலகும் உரிமை அவருக்கு உண்டா இல்லையா என்பதே பிறகு வழக்காகிவிடும். இந்த விடயத்தில் நம் நாட்டுக்குப் பொருந்துவது ஆங்கிலச் சட்டமல்ல, ரோமன் டச்சுச் சட்டமே என்று 1950களில் தாஹிர் எதிர் ஆப்தீன் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டப்படி, உறுதியை எழுதித் தரும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை. ஆனால் உடன்படிக்கையின் வாசகம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஆகவே, நட்டஈடு எழுதினாலும், உறுதியை எழுதித் தரும்படி நீதிமன்றில் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிதான்.

உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் விற்பவர் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்து, அவர் முந்திப் பதிந்தால் பெரும் சிக்கல். நம் உடன்படிக்கையைத் தெரிந்துகொண்டே அவர் வாங்கியிருந்தால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் நமக்குக் கைகொடுக்கும். ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை யார் நிரூபிப்பது?

என் மச்சான் ஒருவரின் கதை வேறு. 2021 கடைசியில் முறையாக நொத்தாரிசு மூலம் உடன்படிக்கை செய்தார், ஆறு மாதத் தவணை. 2022 மார்ச்சில் ரூபா சரிந்தது. விற்பவருக்கு மனம் மாறிவிட்டது. சாட்டுச் சொல்லி நாளைக் கடத்தினார். மச்சானும் "அவர் தரட்டும், பிறகு காசு பார்ப்போம்" என்று இருந்துவிட்டார். தவணை போயிற்று. இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "தவணைக்குள் மிகுதிப் பணத்தோடு நீங்கள் தயாராக இருந்தீர்களா?" என்பதுதான். வங்கிக் கணக்கில் அன்று பணம் இருந்ததற்கோ, வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியதற்கோ அவரிடம் ஒரு துண்டும் இல்லை. எதிர்த்தரப்பார் தவறினாலும், தவணை முடியுமுன் பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, குறித்த நாளில் நொத்தாரிசின் அலுவலகத்தில் போய் இருந்திருக்க வேண்டும். உடன்படிக்கை மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. சொந்தக்காரர் ஆயிற்றே, பேசிப் பார்ப்போம் என்று இழுத்தடித்தே அந்தக் காலத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, பத்து இலட்சத்தையாவது கேட்டுச் சட்டத்தரணி மூலம் உடனே கடிதம் அனுப்புங்கள் என்றுதான். அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.