அந்தர் பல்டியும் அப்பா அம்மாவும்

பெண் பாட்டுக் கற்றுக்கொண்டால் தகப்பனார் தொடையில் தாளம் போட்டுச் சரிபார்க்கிறார். பையன் கிரிக்கெட் ஆடினால் பாட்டி கூட “எத்தனை ரன்?” என்று கேட்டுவிடுகிறாள். ஆனால் குழந்தை ஜிம்னாஸ்டிக்ஸ் பந்தயத்தில் இறங்கிவிட்டாலோ, பெற்றோர் பாடு திண்டாட்டந்தான். குழந்தை அந்தரத்தில் சுழன்று வந்து நிற்கிறாள், சபையோர் கைதட்டுகிறார்கள், பலகையில் 11.350 என்று ஓர் எண் தோன்றுகிறது. அதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி நாடியா கொமனேச்சி மாசு மறுவற்ற ஆட்டம் ஆடிப் பத்துக்குப் பத்து வாங்கினாள். அந்த எண்ணைக் காட்ட வகையில்லாத பலகை 1.00 என்று காட்டிற்று! பலகையே தடுமாறிய விஷயத்தில் நாம் தடுமாறுவது குற்றமாகாது.

சர்வதேசப் பந்தயங்களில் 2006 முதல் பத்து என்ற உச்சவரம்பு இல்லை. இப்போது கணக்கு இரண்டு. செய்த வித்தைகள் எவ்வளவு கடினமானவை என்பதற்கு ஒன்று. இது வித்தைக்கேற்ப ஏறும். எவ்வளவு செம்மையாகச் செய்தாள் என்பதற்கு மற்றொன்று. இது 10-ல் தொடங்கி இறங்கும். சிறு பிசகுக்கு 0.1, நடுத்தரப் பிசகுக்கு 0.3, பெரும் பிசகுக்கு 0.5, விழுந்தால் முழுதாக 1 கழியும். இரண்டையும் கூட்டி வருவதே பலகையில் காணும் எண். ஆகையால் சென்ற தடவை பன்னிரண்டும் இந்தத் தடவை பதினொன்றும் வாங்கிய குழந்தை பின்வாங்கிவிட்டாள் என்று முடிவு கட்டலாகாது. புதிய கடின வித்தை ஒன்றை முதன்முதலாகத் துணிந்து செய்து அவள் விழுந்திருக்கலாம். அது தோல்வி அன்று, முதலீடு.

அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாகருக்குச் சிறு வயதில் தட்டைப் பாதம். இந்தக் கலைக்கு அது பெருந்தடை. அதை வென்று 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் தாண்டும் இறுதிப் பந்தயத்தில் 15.066 பெற்று நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்றவருக்கு 15.216. வித்தியாசம் 0.150. இரண்டு தாண்டல்களின் சராசரியாதலால், இரண்டிலும் சேர்த்து 0.3, அதாவது ஒரே ஒரு நடுத்தரப் பிசகின் விலை! பதக்கமில்லாமல் வந்தவரைத் தேசம் கொண்டாடிற்று. தேசத்திற்கு இருந்த அந்தப் பெருந்தன்மை வீட்டிலும் இருக்க வேண்டாமா?

இனி, எண்ணைக் காட்டிலும் முக்கியமான மூன்று சங்கதிகள்.

முதலாவது வலி. வளரும் எலும்பின் நுனியில் மெல்லிய வளர்ச்சிப் பகுதி உண்டு. கைகளாலேயே உடலைத் தாங்கும் இந்தப் பயிற்சியில் மணிக்கட்டின் அப்பகுதி நைந்துபோகக் கூடும். ஓய்வளித்தும் தீராத மணிக்கட்டு வலியைச் சோம்பேறித்தனமென்று தள்ளாமல் வைத்தியரிடம் காட்டுக. அவசரமும் வேண்டாம், சர்வதேச அரங்கில் முதியோர் பிரிவுக்குப் பெண்கள் 16 வயதை எட்டும் ஆண்டிலேதான் வரலாம்.

இரண்டாவது பயம். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள உத்தரத்தின்மேல், தரையிலிருந்து நாலடி உயரத்தில் பல்டி அடிப்பவளுக்குப் பயம் பகையன்று, காவல். இணையற்ற வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-ல் டோக்கியோவில் அந்தரத்தில் தம் உடல் இருக்கும் நிலை தமக்கே புலப்படாமல் போனதால் பந்தயத்தின் நடுவே விலகினார். 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். விலகத் தெரிந்தவருக்கே திரும்பி வரவும் தெரிந்தது.

மூன்றாவது, நம்பிக்கை எங்கே முடியவேண்டும் என்பது. அமெரிக்கக் குழுவின் வைத்தியராயிருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைச் சீரழித்தான். 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாய் திறந்தார்கள். பெற்றவர் அதே அறையில் இருக்கையிலேயே நடந்த கொடுமைகளும் உண்டு. பதக்கத்தின் ஒளி கண்ணைக் கூசச் செய்திருந்தது. 2022-ல் பிரிட்டனில் வெளியான விசாரணை அறிக்கையும், காயத்தோடு பயிற்சி, உணவு மறுப்பு, எடையைச் சொல்லி அவமானம் ஆகியவற்றை அம்பலப்படுத்திற்று.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: பல்டியின் நுட்பத்தை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்; அரங்கின் ஓரத்திலிருந்து நீங்களும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆனால் குழந்தையின் உடல், உணவு, மானம் ஆகிய மூன்றையும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். பெற்றோர் வந்து பார்க்கக்கூடாதென்று கதவைச் சாத்தும் கூடத்துக்குக் குழந்தையை அனுப்பாதீர்கள். வீடு திரும்பியதும் “எத்தனை வாங்கினாய்?” என்பதற்கு முன்னால் “எங்கேயாவது வலிக்கிறதா? யாராவது மனம் நோகப் பேசினார்களா?” என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் கோபியாமல் கேட்பார்கள் என்ற தைரியம் குழந்தைக்கு இருக்குமானால், அவள் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.