கனமான கார்தான் கவுரவமா?

ராமேசுவரத்துக்கு வரும் கார்களைக் கவனியுங்கள். வரவர யானை சைசுக்கு வளர்ந்துகொண்டே போகின்றன. உள்ளே இருப்பது ரெண்டு பேர். காரின் எடையோ ரெண்டு டன்! கேட்டால், "கனமா இருந்தாத்தாண்ணே ரோட்டைப் பிடிக்கும்" என்கிறார்கள்.

இது தப்புக் கணக்கு. இதைத் தப்பு என்று காட்டியவர் காலின் சாப்மன் என்ற இங்கிலாந்து என்ஜினீயர். 1948-ல் பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து மேய்ந்து, தன் முதல் காரைக் கட்டினார். 1952-ல் தொடங்கிய கம்பெனிக்கு 'லோட்டஸ்' என்று பெயர். நம்ம பாஷையில் தாமரை!

என்ஜினைப் பெருக்காதே, எடையைக் குறை. இதுதான் அவர் கட்சி. பெரிய என்ஜின் நேர் ரோட்டில் மட்டும்தான் பாயும். எடை குறைந்தால் வளைவிலும் வேகம் கிடைக்கும். பிரேக்கும் சட்டென்று பிடிக்கும், டயரும் சீக்கிரம் தேயாது. பெட்ரோல் மிச்சம் வேறு.

பாம்பன் படகு மாதிரி!

1957-ல் 'எலைட்' என்ற காரைக் காட்டினார். அதில் இரும்புச் சேசிஸ் கிடையாது. பைபர் கூடுதான் கார். சில இடங்களில் மட்டும் உள்ளே இரும்பு பதித்தார்கள். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து அச்சில் வார்ப்பது. பாம்பன், மண்டபம் கரையில் கிடக்கிறதே பைபர் படகு, அதே சரக்கு! மொத்த எடை சுமார் 500 கிலோ.

நம்ம மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பைபர் படகு மரம் மாதிரி ஊறிக் கனக்காது, புழு அரிக்காது, கரையில் இழுத்துப் போட லேசு. கனம் என்றால் எண்ணெய்ச் செலவு என்பது தினமும் கடலுக்குப் போகிறவருக்குத் தெரியும்.

ஆனால் எலைட் காரில் கோளாறும் இருந்தது. அங்கங்கே விரிசல் விட்டது. கம்பெனிக்கும் நஷ்டம். லேசாகச் செய்வது மலிவான வேலை இல்லை, ஐயா! அடுத்து 1962-ல் வந்த 'எலான்' காருக்கு இரும்பு முதுகெலும்பு வைத்தார்கள். நம்ம உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கியிருக்கும்? 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தைக் கேட்டால் தெரியும். அதில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

சாப்மன் 1982-ல் காலமானார். அவர் சொன்னது முழுசாகப் பலித்தது 1996-ல் வந்த 'எலீஸ்' காரில்தான். அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் பசை போட்டே ஒட்டினார்கள்! அந்தச் சேசிஸ் எடை 68 கிலோ. ஒரு ஆள் எடைதான்! முழுக் கார் 725 கிலோ. நம்ம மாருதி 800 சுமார் 650 கிலோ. எடையில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் மாருதிக்கு 40 குதிரை சக்திகூட இல்லை. எலீசுக்கு 120-ஐ ஒட்டி. 6 விநாடிக்குள் 96 கிலோமீட்டர் வேகம்!

குடும்பத்தோடு ராமேசுவரம் வர அது உதவாது. ரெண்டே சீட், குனிந்து நுழைய வேண்டும். நான் அதை வாங்கச் சொல்லவில்லை.

நம்ம ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் செய்ததும் இதைத்தானே? ஐதராபாத் ஆஸ்பத்திரியில் போலியோ குழந்தைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிபரை இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்கான லேசான பொருளைக் கொண்டு அதை 300 கிராம் ஆக்கினார்.

அந்த லோட்டஸ் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? 2021-ல் எலீஸ் நின்றுபோனது. 2023-ல் இந்தியாவுக்கு வந்து விற்கத் தொடங்கியது 'எலெட்ரே' என்ற பேட்டரி கார். எடை சுமார் இரண்டரை டன்! அப்போது ஆரம்ப விலை 2 கோடியே 55 லட்சம். தாமரைக் கம்பெனியே யானை விற்கிறது!

நம்ம சர்க்கார் மட்டும் என்னவாம்? கார் வரிக்கு நீளம் பார்க்கிறார்கள், என்ஜின் சி.சி. பார்க்கிறார்கள். எடையைப் பார்ப்பதில்லை. கார் கம்பெனிகளுக்கான எரிபொருள் விதியிலோ, கார்களின் சராசரி எடை கூடினால் வரம்பையும் தளர்த்திவிடுகிறார்கள். கனத்தைக் குறைக்கிறவனுக்கு நெருக்கடி, கூட்டுகிறவனுக்குச் சலுகை! ஒவ்வொரு காரின் ஆர்.சி.யிலும் வெறும் வண்டி எடை அச்சடித்தே இருக்கிறது. அதைப் பார்த்து வரி போட என்ன தயக்கம்?