முதுகைத் தட்டுவது எதற்கு?

டாக்டர் முதுகில் ஒரு விரலைப் பதித்து, மறுகை விரலால் அதன்மேல் தட்டிப் பார்க்கிறாரே, கவனித்திருக்கிறீர்களா? ஆஸ்திரியாவில் சத்திரக்காரர் மகனாகப் பிறந்த அவன்புரூக்கர் என்ற வைத்தியர் 1761-ல் வெளியிட்ட வித்தையிலிருந்து வளர்ந்தது அது. (அப்பா மதுப் பீப்பாயைத் தட்டி அளவு பார்த்ததிலிருந்து பிள்ளைக்குத் தோன்றியது என்பார்கள்!) நாம் எண்ணெய் டின்னைத் தட்டிப் பார்ப்பதில்லையா? அதே சங்கதிதான். காற்றுள்ள நுரையீரல் கணகணக்கும். நீர் கோத்த இடத்தில் 'மொத்'தென்று சத்தம் அடங்கிவிடும்.

நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வின் நடுவே இரண்டு மூன்று டீஸ்பூன் நீர் எப்போதும் உண்டு. காசம், நிமோனியா, இருதயப் பலவீனம், புற்றுநோய் இவற்றால் அது லிட்டர் கணக்கில்கூடப் பெருகலாம். மூச்சு வாங்கும், இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்தும். அதை 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி, சுக்குக் கஷாயத்திலேயே வாரக் கணக்கில் காலம் கடத்துகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நின்று எடுக்கும் எக்ஸ்ரேயில் நேர்ப் படத்தில் சுமார் 200 மில்லி சேர்ந்த பிறகே தெரியும். அல்ட்ராஸவுண்ட் அதைவிடக் குறைவானதையும் காட்டிவிடும். ஆனால் காரணம் என்னவென்று பெரும்பாலும் அந்த நீரைத்தான் கேட்க வேண்டும். இங்கேதான் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறோம், 'நுரையீரலில் ஓட்டை விழுந்துவிட்டால்?' என்று. அபூர்வமாக நேரக்கூடியதுதான், அதனாலேயே அல்ட்ராஸவுண்டில் இடம் குறித்துக்கொண்டு, மரக்கவைத்து, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துகிறார்கள். எடுத்த நீர் வைக்கோல் நிறமா, சீழா, ரத்தமா என்று முதலில் கண்ணால் பார்ப்பார்கள். புரதம், அணுக்கள், காசக் கிருமி எல்லாம் அப்புறம் லாபரட்டரியில்.